இணையத்தில் கல்லூரிப் பாடம்: என்பிடெல் உருவான வரலாறும் தமிழ்வழி மாணவரும்

கல்லூரிப் பாடங்களை இணையத்தின் வழியே, கட்டணம் இல்லாமல், இருந்த இடத்திலிருந்தே கற்பது இன்று இந்திய மாணவர்களிடையே இயல்பான வழக்கமாகிவிட்டது. தேர்வுக்கு முந்தைய இரவு கைப்பேசியில் ஒரு விரிவுரையைத் தேடிப் பார்க்காத பொறியியல் மாணவரைக் காண்பது அரிது. இவ்வழக்கத்துக்கு இந்தியாவில் அடித்தளம் இட்டது, சென்னை ஐ.ஐ.டி.யின் ஒருங்கிணைப்பில் உருவான 'தொழில்நுட்பம்வழிக் கற்றலுக்கான தேசியத் திட்டம்' ஆகும். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து மாணவர்கள் 'என்பிடெல்' என்று அழைப்பர். இக்கட்டுரையிலும் அப்பெயரே பயன்படுத்தப்படுகிறது.

பாடம் இலவசமாகக் கிடைப்பது ஒன்று. கிடைத்த பாடம் மாணவருக்குப் பயன்படுவது வேறொன்று. என்பிடெல் வரலாற்றில் இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழிந்தன. பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்த மாணவருக்கு அந்த இடைவெளி இன்னும் முழுவதும் அடைபடவில்லை. இத்திட்டத்தின் வரலாற்றை அந்தக் கோணத்திலிருந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அஞ்சல்வழியும் ஒளிபரப்பும்

கல்லூரிக்குச் செல்லாமல் கல்லூரிப் பாடம் படிக்கும் முறை இணையத்துக்கு முன்பே நம்மிடம் இருந்தது. தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இம்முறையைக் கொண்டுவந்தன. வேலைக்குச் சென்றுகொண்டே பட்டம் பெற்ற எழுத்தர்களும், இடைநிலை ஆசிரியர்களும், திருமணத்தால் படிப்பை நிறுத்திய பெண்களும் இதனால் பயன்பெற்றனர். அச்சிட்ட பாடக்கட்டு அஞ்சலில் வரும், விடுமுறையில் சில நாள் தொடர்பு வகுப்பு நடக்கும், பிறகு தேர்வு. பாடக்கட்டில் ஒரு வரி புரியாவிட்டால் அடுத்த தொடர்பு வகுப்பு வரை காத்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1969இல் நிறுவப்பட்ட திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அச்சுப் பாடத்தோடு வானொலியையும் தொலைக்காட்சியையும் சேர்த்துக்கொண்டது. 1971 முதல் பி.பி.சி. அதன் விரிவுரைகளை ஒளிபரப்பியது. இதனைப் பின்பற்றி இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஐதராபாத்தில் 1982இல் ஏற்பட்டது. 1985இல் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. அதன் துணைவேந்தராக 1990 முதல் 1994 வரை இருந்தவர் தமிழறிஞரும் பொறியியல் வல்லுநருமான வா. செ. குழந்தைசாமி. அவர் பெயர் இவ்வரலாற்றில் மீண்டும் வரும்.

பல்கலைக்கழக மானியக் குழு 1984 ஆகஸ்ட் 15 முதல் தூர்தர்ஷனில் 'நாடு தழுவிய வகுப்பறை' என்னும் ஒளிபரப்பை நடத்தியது. சிற்றூர்க் கல்லூரி மாணவருக்கும் நல்ல விரிவுரை கிடைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. 2000ஆம் ஆண்டில் 'ஞான தர்ஷன்' என்னும் கல்வி அலைவரிசை வந்தது. 2004 செப்டம்பர் 20 அன்று கல்விக்கென்றே 'எடுசாட்' செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது.

இம்முயற்சிகள் அனைத்துக்கும் ஒரே குறை இருந்தது. ஒளிபரப்பும் நேரத்தில் மாணவர் வீட்டில் இருக்க வேண்டும், மின்சாரமும் இருக்க வேண்டும். ஓர் இடம் புரியாவிட்டால் பேராசிரியரை நிறுத்தித் திரும்பச் சொல்லச் சொல்ல முடியாது. வகுப்பறையில் பின்வரிசை மாணவனுக்குக்கூட இருக்கும் அந்த வசதி, தொலைக்காட்சி மாணவனுக்கு இல்லை. இணையத்தின் பெரும்பயன் அது தொலைவைக் கடந்தது மட்டுமன்று. பாடத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்க இடம் தந்ததும் ஆகும்.

2001: இரண்டு தொடக்கங்கள்

2001ஆம் ஆண்டில் இரண்டு மாத இடைவெளிக்குள் இரண்டு நிகழ்வுகள் நடந்தன. உலகம் அறிந்தது இரண்டாவதை.

முதலாவது சென்னையில் நடந்தது. 1999 பிப்ரவரியில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டில் அறிவிக்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம், 2001 பிப்ரவரி 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அதன் அமைப்பை வகுத்து முதல் தலைவராக இருந்தவர் மேலே சொன்ன வா. செ. குழந்தைசாமி. அயல்நாடுகளில் வாழும் தமிழர் தமிழ்மொழி, இலக்கியம், பண்பாடு ஆகியவற்றைச் சான்றிதழ், மேற்சான்றிதழ், இளநிலைப் பட்டம் என்னும் படிநிலைகளில் கற்க அது வழிசெய்தது. பிற்காலத்தில் அது தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பதிவு செய்யாதவரும் அதன் பட்டப்படிப்புப் பாடங்களை இணையத்தில் படிக்கலாம். தமிழ் இலக்கியம் பயிலும் நம் கல்லூரி மாணவர்கள் இன்றும் யாப்பு, அணி, இலக்கிய வரலாறு ஆகிய பகுதிகளுக்கு அப்பாடங்களைப் பயன்படுத்துகின்றனர்.

இரண்டாவது நிகழ்வு அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், அதாவது எம்.ஐ.டி.யில் நடந்தது. 2001 ஏப்ரலில் அதன் தலைவர் சார்லஸ் வெஸ்ட், தம் நிறுவனத்தின் அனைத்துப் பாடங்களின் குறிப்புகளும் இணையத்தில் இலவசமாக வெளியிடப்படும் என்று அறிவித்தார். அக்காலத்தில் இணையவழிக் கல்வியை ஒரு வணிகமாகவே பலரும் எண்ணினர். கொலம்பியா பல்கலைக்கழகம் 'ஃபேதம்' என்ற பெயரில் இலாப நோக்குள்ள நிறுவனம் ஒன்றையே தொடங்கியிருந்தது. போதிய வருவாய் இல்லாமல் அது 2003இல் மூடப்பட்டது. எம்.ஐ.டி. விற்பதற்கு மாறாக வெறுமனே கொடுத்துவிட முடிவு செய்தது. 2002 செப்டம்பர் இறுதியில் 50 பாடங்கள் வெளிவந்தன. 2007இல் அந்த எண்ணிக்கை 1800ஐ எட்டியது.

அவற்றுள் பெரும்பாலானவை காணொளிகள் அல்ல. பாடத்திட்டம், விரிவுரைக் குறிப்பு, பயிற்சிக் கணக்கு, பழைய வினாத்தாள் ஆகியவையே இருந்தன. கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய நேரியல் இயற்கணித வகுப்புப் போன்ற சில மட்டும் முழு ஒளிப்பதிவாக வந்தன. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் தவிர வேறு கருவி ஏதும் இல்லாத அந்த வகுப்பு, உலகெங்கும் கணித மாணவர்கள் பார்த்த விரிவுரைகளுள் ஒன்றாயிற்று. அவர் 2023இல் தம் 88ஆம் வயதில் கடைசி வகுப்பை நடத்தினார்.

எம்.ஐ.டி. தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தது: பாடம் தருவோம், பட்டம் தரமாட்டோம், ஆசிரியரோடு உரையாட இடமும் இல்லை. அதாவது புத்தகசாலை திறந்திருக்கும், தேர்வறை திறக்காது. இந்த வேறுபாட்டை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். பின்னால் வரும் சிக்கல்கள் பலவும் இதிலிருந்தே கிளைத்தன.

தமிழ்நாட்டுச் சூழல்

என்பிடெல் ஏன் தேவைப்பட்டது என்பதை அறியத் தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளைப் பார்த்தாலே போதும். 1984 வரை இங்கே பொறியியல் படிக்க அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகள் சிலவே இருந்தன. அவ்வாண்டு எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிக் கல்லூரிகளுக்கு இசைவளித்தது. கல்லூரிகள் மளமளவென்று பெருகின. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவை 500ஐத் தாண்டின. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பல்லாயிரவர் இக்கல்லூரிகளால் உருவாயினர் என்பதை மறுக்க முடியாது.

கட்டடம் எழுப்பும் வேகத்தில் பேராசிரியரை உருவாக்க முடியாதே! இளநிலைப் பட்டம் பெற்ற கையோடு விரிவுரையாளராகச் சேர்ந்தவர்கள் பல கல்லூரிகளில் பாடம் நடத்தினர். தமக்கே முழுமையாகத் தெளிவாகாத வெப்ப இயக்கவியலையும் மின்காந்தப் புலத்தையும் அவர்கள் வழிகாட்டி நூல்களின் துணையால் கற்பித்தனர். அது அவர்கள் குற்றமன்று. ஆனால் நாட்டில் மிகச் சிறந்த ஆசிரியர்கள் சில ஐ.ஐ.டி.களின் மதிலுக்குள் சில ஆயிரம் மாணவர்க்கு மட்டும் பாடம் சொல்லிக்கொண்டிருந்தனர். மக்கள் வரிப்பணத்தால் நடக்கும் அந்த வகுப்புகள் ஏன் மதிலைத் தாண்டி வரக்கூடாது என்பதே என்பிடெல் எழுப்பிய கேள்வி.

திட்டம் உருவானது

1999 முதல் 2003 வரை ஐ.ஐ.டி.களுக்கும் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்கும் இடையே நடந்த கலந்துரையாடல்களிலிருந்து இத்திட்டம் பிறந்தது. சென்னை, மும்பை, தில்லி, கான்பூர், கரக்பூர், குவாகாத்தி, ரூர்க்கி ஆகிய ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்தன. அப்போது சென்னை ஐ.ஐ.டி.யின் இயக்குநராக இருந்த எம். எஸ். ஆனந்த் இதனை முன்னின்று நடத்தினார். மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் முதல் கட்டத்துக்கு 20.5 கோடி ரூபாய் வழங்கியது.

கட்டடப் பொறியியல், கணினி, மின்னியல், மின்னணுவியல், இயந்திரப் பொறியியல் என்னும் ஐந்து அடிப்படைத் துறைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. 2003இல் தொடங்கி 2007க்குள் காணொளியாகவும் எழுத்துவடிவிலும் 235 பாடங்கள் உருவாயின. ஒரு காணொளிப் பாடம் என்பது ஏறத்தாழ 40 மணிநேர விரிவுரை. ஒரு பருவத்தின் முழு வகுப்புக்கு ஈடானது. பொதுவான ஐ.ஐ.டி. வகுப்பைப் படமெடுத்துப் போடுவதோடு நிற்காமல், மற்றப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தையும் கருத்தில் கொண்டு பாடங்களை வகுத்தது இத்திட்டத்தின் சிறப்பு. 2006 செப்டம்பரில் அமைச்சர் அர்ஜுன் சிங் இதனைத் தொடங்கிவைத்தார். இரண்டாம் கட்டத்துக்கு 96 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, மேலும் 600 பாடங்கள் திட்டமிடப்பட்டன.

இன்றைய வாசகருக்கு ஒரு செய்தி வியப்பளிக்கலாம். தொடக்கத்தில் இந்த 'இணைய' பாடங்கள் பெரும்பாலும் இணையம் வழியே பார்க்கப்படவில்லை. கல்லூரிகளின் இணைய வேகம் ஒரு மணிநேரக் காணொளிக்குப் போதவில்லை. ஆகவே பாடங்களை வன்தட்டில் படியெடுத்துக் கல்லூரிகளுக்கு அனுப்பினர். கல்லூரி நூலகக் கணினியில் அவை ஏற்றப்பட்டன. அங்கிருந்து விடுதி அறைகளுக்குப் பென்டிரைவில் பயணம் செய்தன. 2008 முதல் யூடியூபிலும் ஏற்றப்பட்டன. பின்னர், படைப்பாளர் பெயரைக் குறிப்பிட்டு யாரும் படியெடுக்கலாம், மாற்றலாம், அதே உரிமத்தில் பிறருக்கும் தரலாம் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அவை வழங்கப்பட்டன.

இந்த உரிமம் எவ்வளவு முக்கியமானது என்பது வேறோர் இடத்தில் வெளிப்பட்டது. அமெரிக்க நிறுவனமான கோர்செரா 2016 சூன் இறுதியில் தன் பழைய தளத்தை மூடியபோது, அதிலிருந்த பல இலவசப் பாடங்கள் பார்க்க முடியாமல் போயின. 'இலவசம்' என்பதும் 'திறந்த உரிமம்' என்பதும் ஒன்றல்ல. முன்னது வழங்குபவர் விரும்பும் வரை மட்டும் கிடைக்கும்.

யார் பார்த்தார்கள்?

முதல் பத்தாண்டில் என்பிடெல்லை அதிகம் பயன்படுத்தியவர்கள் இரு வகையினர். ஒரு வகையினர் 'கேட்' நுழைவுத் தேர்வுக்குப் படித்த மாணவர்கள். மற்றொரு வகையினர், வெளியே அதிகம் பேசப்படாதவர்கள்: கல்லூரி ஆசிரியர்கள். மறுநாள் வகுப்பில் நடத்த வேண்டிய பாடத்தை முந்தைய நாள் இரவு ஐ.ஐ.டி. பேராசிரியரிடம் கேட்டுத் தெளிந்துகொண்ட இளம் விரிவுரையாளர்கள் ஏராளம். இத்திட்டத்தின் மிகப் பெரிய பயன் இதுவே என்பது என் கருத்து. ஓர் ஆசிரியர் தெளிந்தால் அவரிடம் ஆண்டுதோறும் அறுபது பேர் தெளிவர்.

சாதாரண மாணவரைப் பொறுத்தவரை நிலைமை வேறு. பருவத் தேர்வில் வருவது அண்ணா பல்கலைக்கழக வினாத்தாள். என்பிடெல் விரிவுரையோ ஒரு சூத்திரம் எப்படி வந்தது என்று 50 நிமிடம் விளக்கும். இரண்டு மதிப்பெண் வினாவுக்கும் பதினாறு மதிப்பெண் வினாவுக்கும் விடை தேடும் மாணவருக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் முழுக்க நியாயமன்று. தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் மாணவர் படிப்பர்.

இதே காலத்தில் உலக அளவில் ஒரு பேரலை எழுந்தது. 2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செபாஸ்டியன் துரன், பீட்டர் நார்விக் ஆகியோர் இணையத்தில் நடத்திய செயற்கை நுண்ணறிவு வகுப்பில் ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்தனர். அடுத்த ஆண்டே யுடாசிட்டி, கோர்செரா, எடெக்ஸ் ஆகியவை தோன்றின. பல்கலைக்கழகங்களின் காலம் முடிந்தது என்றுகூடச் சிலர் எழுதினர். ஆனால் சேர்ந்தவருள் முடித்தவர் மிகக் குறைவாகவே இருந்தனர்.

2013இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம், யுடாசிட்டியுடன் சேர்ந்து தொடக்கநிலைக் கணிதமும் புள்ளியியலும் இணையவழி நடத்தியது. அந்தக் கணிதத்தில் முன்பே தோற்றவர்களும் பள்ளி மாணவர்களும் அதில் இருந்தனர். தேர்ச்சி விகிதம் நேரடி வகுப்பைவிடக் குறைந்தது. சூலையில் அம்முயற்சி நிறுத்திவைக்கப்பட்டது. முன்பே படிக்கத் தெரிந்தவருக்கு இணையப் பாடம் சிறகு. தடுமாறும் மாணவருக்கு அதே பாடம், பக்கத்தில் ஓர் ஆள் இல்லையென்றால், பத்தாவது நிமிடத்தில் மூடப்படும் ஒரு திரை. முப்பது ஆண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்றவர் எவருக்கும் இதில் வியப்பு இராது.

தேர்வும் மதிப்பும்

என்பிடெல் வரலாற்றில் திருப்பம் என்று சொல்லத்தக்கது 2014 மார்ச்சில் வந்தது. அதுவரை காணொளிக் களஞ்சியமாக இருந்த திட்டம் சான்றிதழ்ப் படிப்புகளைத் தொடங்கியது. 4, 8, 12 வாரம் எனப் பாடங்கள் பிரிக்கப்பட்டன. சேர்வதற்குக் கட்டணம் இல்லை. வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு. இறுதியில் விரும்புவோர் கட்டணம் செலுத்தித் தேர்வு மையத்துக்கு நேரில் சென்று தேர்வெழுதலாம். ஒப்படைப்புக்கு 25, தேர்வுக்கு 75 என மதிப்பெண் பகுக்கப்பட்டது. 90க்கு மேல் எடுப்பவருக்குத் தங்கம், 75க்கு மேல் வெள்ளி எனச் சான்றிதழில் குறிக்கப்படும்.

காணொளியில் புதிதாக ஒன்றும் இல்லை. அதே பேராசிரியர், அதே பாடம். புதிதாக வந்தவை மூன்று: கடைசி நாள், ஒப்படைப்பு, நேரில் எழுதும் தேர்வு. இம்மூன்றும் சேர்ந்ததும் மாணவர் எண்ணிக்கை இலட்சக் கணக்கில் உயர்ந்தது. கல்லூரிகளில் 'உள்ளூர்க் கிளை' என்னும் அமைப்பு ஏற்படுத்தப்பட்டு, ஓர் ஆசிரியர் பொறுப்பாளராக இருந்து, மாணவர்களைச் சேர்த்து, விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டார். சான் ஹோசேயில் இல்லாதிருந்த அந்தப் பக்கத்து ஆள் இவர்தான்.

அடுத்த படி, பட்டத்தோடு இணைப்பது. பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் வெளியிட்ட ஒழுங்குமுறை, ஒரு படிப்பின் மதிப்பலகுகளில் 20 விழுக்காடு வரை இணையப் பாடங்கள் வழியே பெறலாம் என்றது. 2021இல் இது 40 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 2017 சூலை 9 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி 'ஸ்வயம்' தளத்தைத் தொடங்கிவைத்தார். என்பிடெல் அதன் ஓர் உறுப்பாயிற்று. பொறியியலுக்கு அப்பால் வரலாறு, பொருளாதாரம், வணிகவியல், மேலாண்மை, ஆசிரியர் கல்வி ஆகியவையும் அத்தளத்தில் வந்தன.

கட்டாயம் வந்த இடத்தில் குறுக்குவழியும் வந்தது. என்பிடெல் வார ஒப்படைப்புகளின் விடைகளை மட்டும் வெளியிடும் யூடியூப் அலைவரிசைகள் தோன்றின. விரிவுரையை ஒரு நிமிடம்கூடப் பார்க்காமல் ஒப்படைப்பில் முழு மதிப்பெண் பெறுவது எளிதாயிற்று. நேரடித் தேர்வுக்கு 75 ஒதுக்கியிருப்பதன் பொருள் இப்போது விளங்கும். சென்னை ஐ.ஐ.டி. 2020 சூனில் இணையவழியில் தரவு அறிவியல் பட்டப்படிப்பை அறிவித்தபோதும் பாடம் இணையத்தில், தேர்வு நேரில் என்னும் இதே முறையைப் பின்பற்றியது. அதில் சேர ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவையில்லை. நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும்.

கருவியும் இணைப்பும் எப்படிப் பரவின என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் கைப்பேசித் தரவு விலை சரிந்தது. கொரோனா காலத்தில், 2021 சனவரியில், 9 இலட்சத்து 69 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவருக்கு நாள்தோறும் 2 ஜிபி தரவு வழங்கும் அட்டைகளை அரசு அறிவித்தது. வன்தட்டில் பாடம் அனுப்பிய காலம் முடிந்துபோயிற்று.

சொல் என்னும் சுவர்

இனி மொழிக்கு வருவோம். இங்கேதான் நம் மாணவர்கள் பலர் நின்றுவிடுகின்றனர்.

மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ்வழியில் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம். பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் தமிழ்வழி மாணவருக்கு வகைக்கெழு தெரியும், தொகையீடு தெரியும், அணிக்கோவை தெரியும். இயற்பியலில் உந்தம், தகைவு, திரிபு, நிலைமத் திருப்புத்திறன் எல்லாம் தெரியும். அவர் பொறியியல் கல்லூரியில் சேர்ந்து முதல் வாரம் ஒரு காணொளியைத் திறக்கிறார். பேராசிரியர் 'டெரிவேட்டிவ்' என்கிறார், 'டிட்டர்மினன்ட்' என்கிறார், 'ஸ்ட்ரெஸ்', 'ஸ்ட்ரெயின்' என்கிறார். இவை தாம் அறியாத புதுப் பாடங்கள் என்று மாணவர் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அவர் நூற்றுக்கு நூறு வாங்கிய பாடமே அங்கு நடக்கிறது! கருத்து தெரிந்தும் சொல் தெரியாமல், 'எனக்கு அடிப்படையே இல்லை' என்று முடிவுகட்டிப் படிப்பில் பின்தங்கியவர்களை நான் அறிவேன். தமிழ்வழியில் படித்தது அவர்கள் குறையன்று. பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் போகும் வழியில், இரண்டு பக்கச் சொற்பட்டியல் ஒன்றை யாரும் அவர்கள் கையில் தராததே குறை. அப்பட்டியல் நம் பாடநூல்களின் பின்பக்கக் கலைச்சொல் பகுதியிலேயே கிடைக்கும்; எடுத்து எழுதிக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.

ஆங்கிலத்தின் ஒலிப்பும் ஒரு தடைதான். வங்கத்துப் பேராசிரியரின் ஆங்கிலமும் பஞ்சாபியரின் ஆங்கிலமும் நம் காதுக்குப் பழக நாளாகும். என்பிடெல் விரிவுரைகளுக்கு எழுத்துவடிவம் தரப்பட்டது இவ்வகையில் பேருதவி. கேட்டுப் புரியாததைப் படித்துப் புரிந்துகொள்ளலாம். காணொளியின் வேகத்தையும் குறைத்துக்கொள்ளலாம். பின்னர் அவ்வெழுத்துவடிவங்கள் பலவும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பெயர்க்கப்பட்டன.

கல்லூரிக்குள்ளும் முயற்சிகள் நடந்தன. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2021இல் தமிழ் உள்ளிட்ட சில இந்திய மொழிகளில் பொறியியல் நடத்த அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் இசைவளித்து, பாடநூல்களையும் மொழிபெயர்க்கத் தொடங்கியது. அரசுத் திட்டம் எதிலும் சேராமல், தமிழ்நாட்டுக் கல்லூரி ஆசிரியர்கள் பலர் தாமாகவே யூடியூபில் தமிழும் ஆங்கிலமும் கலந்து, பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தின் அலகு வரிசையிலேயே பாடம் நடத்துகின்றனர். 'மேட்ரிக்ஸை இங்கே மல்டிப்ளை பண்ணனும்' என்னும் நடை தூய்மை விரும்பிகளுக்கு உவப்பாக இராது. எனக்கும் முதலில் உவப்பாக இல்லை. ஆனால் தேர்வுக்கு முந்தைய இரவு மாணவரைக் காப்பாற்றுவது அந்நடைதான். அதோடு, தெரிந்த மொழிக்குள் ஆங்கிலக் கலைச்சொல்லை வைத்துக் கொடுப்பதால், மேலே சொன்ன சுவரை அது தன்னையறியாமலே உடைக்கிறது. அப்பாடத்தை முதலில் பார்த்துவிட்டு, அதே தலைப்பில் என்பிடெல் விரிவுரையை இரண்டாவதாகப் பார்க்கும் மாணவர், நேரே ஐ.ஐ.டி. பேராசிரியரிடம் போகிறவரைவிட நெடுந்தூரம் செல்வதைக் காணலாம்.

கலை, அறிவியல் கல்லூரிகளில் வரலாறு, பொருளாதாரம், வேதியியல் எனத் தமிழ்வழியில் படிப்போர் நிலை வேறு. அவர்கள் தேர்வும் தமிழில். ஸ்வயம் தளத்தின் பாடங்களோ பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும். இவர்களுக்கு உதவக்கூடிய ஒரு கருவூலம் இணையத்தில் உள்ளது; பல மாணவர் அதனை அறியார். 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் சோதனை முறையில் தமிழ்வழிப் பட்டப்படிப்பு தொடங்கப்பட்டபோது பாடநூல்கள் தேவைப்பட்டன. அதனையொட்டி அரசின் தமிழ் வெளியீட்டுக் கழகமும், பின்னர் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும், இயற்பியல், விலங்கியல், உளவியல், உலக வரலாறு, அரசியல், புவியியல் எனக் கல்லூரி நிலையில் நூற்றுக்கணக்கான நூல்களை வெளியிட்டன. அவற்றுள் சில நேரடியாக எழுதப்பட்டவை, சில மொழிபெயர்ப்புகள். துறைப் பேராசிரியர்களே எழுதியவை ஆதலால் நடை சற்று இறுக்கமாக இருப்பினும் செய்தி நம்பகமானது. நெடுங்காலம் கல்லூரி நூலகங்களின் அடித்தட்டில் கிடந்த அந்நூல்களுள் பல, தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017இல் தொடங்கிய தமிழ் இணைய நூலகத்தில் ஒளிவருடிப் படிகளாகக் கிடைக்கின்றன.

அறிவியல் நூல்களில் புதிய கண்டுபிடிப்புகள் இரா. பொருளாதார நூல்களில் 1991க்குப் பிந்தைய இந்தியா இராது. ஆனால் பிரெஞ்சுப் புரட்சியும் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியும் மாறிவிடவில்லை. அந்நூல்களின் கலைச்சொற்கள் சில இன்றைய பள்ளிச் சொற்களிலிருந்து வேறுபடும். ஆகவே இறுதிப் பக்கங்களில் உள்ள கலைச்சொல் பட்டியலை முதலில் பார்த்துக்கொண்டு படிக்கத் தொடங்குவது நல்லது.